ஜல்வா மலைக்கு அந்தப் பக்கம்

அமானின் முறை என்று மாதக்கணக்காக அசையாமல் நின்றிருந்த எழுத்து, அன்றைக்கு அஸர் தொழுது முடித்துத் தஹ்சீன் எழுந்து பார்த்தபோது, உங்கள் முறை என்று மாறியிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழக்கம் அப்படி. ‘அப்பாடா, ஆடிட்டாரு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டேப்லெட்டை மடியில் வைத்து, திரையில் இருந்த உருண்டையை விரலால் தள்ளினாள். அது மெதுவாகச் சுழன்றது. கடல் வந்தது, காடு வந்தது, மறுபடி கடல் வந்தது. அப்புறம்தான் விரல் நின்றது. ஆடினது யாரு?

கீழே வண்டிப் பட்டறையில் மாமனார் நஜீர் அகமது எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலை மறைத்துக் கட்டிய போர்வை ஆடிக் காற்றில் உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. அதன் ஓரத்தில் நுழைந்த காற்றோடு டீசல் வாசமும், அடுப்பில் வெங்காயம் வதங்கும் வாசமும், மலைமேல் ஒலிபெருக்கியில் ஓடும் முருகன் பாட்டின் நடு வரிகளும் துண்டு துண்டாக வந்து விழுந்தன. எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. அந்த எழுத்து மட்டும் மாறியிருந்தது.

அமான் அவள் புருஷன். தம்மாமில் ஏசி மெக்கானிக். அவன் ஓட்டிப் போன வேன் நடுரோட்டில் தீப்பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் தகவல். கூட ஒரே அறையில் இருந்த திலீப் போனில் அழுதுகொண்டே சொன்னான்: “மூஞ்சி பாக்கற மாதிரி இல்ல பாய். இங்கயே அடக்கம் பண்ணிடறதுதான் நல்லது.” போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா தஹ்சீனைப் பார்த்தார். அவள் ஆங் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையில் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடல் தாண்டி எங்கேயோ மண்ணுக்குள் அவனை வைத்துவிட்டார்கள். அவள் கடைசியாக ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. செத்துப் போனான் என்பதைக்கூட எப்படியோ விழுங்கிவிடலாம், முகம் பார்க்காததை விழுங்க முடியவில்லை.

புருஷன் மவுத்தானால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் இத்தா. மாமியார் ரஹிமுன்னிசா மாடி அறையை அதற்கென்று ஒழித்துக் கொடுத்தாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், டிவியைத் துணி போட்டு மூடினாள், கல்யாணப் படங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். டேப்லெட்டை மட்டும் விட்டுவிட்டாள். குர்ஆனில் யாசீன் ஓதுவதற்கு. பாவம், அதில் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதில் இருந்தது ஓர் ஆட்டம். ஊர் கட்டி, படை திரட்டி, நாடு பிடிக்கும் ஆட்டம். கல்யாணமான புதிதில் தட்டையான வரைபடத்தில்தான் இருவரும் ஆடினார்கள். தஹ்சீனுக்குத் தெரிந்தது ஒரே தந்திரம். நேராகப் போய் இடது கீழ் மூலையில் ஊரைக் கட்டிக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் உலகம் முடிந்துவிடும், வருகிறவன் முன்னால்தான் வந்தாக வேண்டும். “கோழி, அடை காக்க மூலையில போய் உக்காந்துகினா பாரு” என்று அமான் கிண்டலடிப்பான். தம்மாமுக்குப் போனதும் அவன்தான் இந்த உருண்டையை இறக்கச் சொன்னான். பூமி மாதிரியே பந்து. விளிம்பு கிடையாது. மேற்கே ஓட்டிக்கொண்டே போனால் கிழக்கே வந்து நிற்கும். பாதி தெரிந்தால் பாதி மறைந்துதான் இருக்கும்.

“அய்யே, இதுல மூலையே இல்லீங்களே. நான் எங்க உக்கார்றது?” என்று அவள் நிஜமாகவே கோபப்பட்டாள்.

“எங்க உக்காந்தாலும் நடுவுலதான் புள்ள.”

அவன் ஊர் உருண்டையின் ஒரு பக்கம், அவள் ஊர் நேர் மறுபக்கம். அவன் வேலைக்குப் போகுமுன் ஓர் ஆட்டம் ஆடுவான், இவள் சமையலை முடித்துவிட்டு ஓர் ஆட்டம். சண்டையே போட்டதில்லை. மலையையோ ஆற்றையோ முதலில் கண்டுபிடிக்கிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பதால் இருவருக்கும் அதுவே வேலையாகப் போய்விட்டது. கல்யாண வாரத்தில் அவன் கன்னம் வீங்கிக் கிடந்ததற்காக ஒரு நிலமுனைக்குப் பல்வலி முனை. பஸ் பழுதாகி மழையில் நின்று பரோட்டா தின்ற நாளுக்காகக் கனகம்மாசத்திரம் ஏரி. ராத்திரியில் அவன் போனில் பேசிப் பேசி அவளைத் தூங்க வைத்ததற்காக ஒரு நீண்ட ஆறு. அதற்குத் தாலாட்டு ஆறு.

அவள் ஊருக்கு வடக்கே, பனிப்பக்கம், ஓர் ஒற்றை மலை. அதற்கு ஜல்வா மலை என்று அவள்தான் பெயர் வைத்தாள். நிக்காஹ் முடிந்த இரவு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சிவப்புத் துணிக்குள் தலை குனிந்து, நடுவில் வைத்த கண்ணாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதுதான் ஜல்வா. அன்றைக்குக் கண்ணாடிக்குள் தெரிந்த அந்த முகம் வியர்த்திருந்தது, பயந்திருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் அதைவிட நல்லதாக எதையும் பார்த்ததில்லை.

இப்போது உருண்டையின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அமானின் ஊர் வாசலில் ஒரு ஸ்கவுட் நின்றது. வழி பார்த்து வர அனுப்பும் ஒற்றை ஆள். தூரத்திலிருந்து பார்த்தால் அவன் கை லாந்தரின் வெளிச்சப் புள்ளி மட்டும்தான் தெரியும். மாதக்கணக்காக ஊருக்குள் கிடந்த அந்தப் புள்ளி ஒரு கட்டம் வெளியே வந்திருந்தது.

சாப்பாட்டின்போது மாமாவிடம் கேட்டாள். ஆட்டம் என்று சொல்லவில்லை, “அவரு போன் யாருகிட்டயாவது இருக்குங்களா மாமா?” என்று மட்டும் கேட்டாள்.

மாமா கையைக் கழுவிக்கொண்டே திலீப்புக்குப் போட்டார். பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். “போன் உருகிப் போச்சாம்மா. ஒண்ணும் மிஞ்சல. எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான் மாமா.”

ஆள் வராவிட்டால் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும் என்று அவளுக்கும் தெரியும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மேலே வந்தாள், அப்படி இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியிலும் வேண்டிக்கொண்டாள். என் முறை முடிந்தது என்ற பொத்தானை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஆடி முடிந்தது. புள்ளி நகர்ந்திருந்தது. வயலைத் தொடவில்லை, படையைத் தொடவில்லை, வேறு எதையும் தொடவில்லை. எந்தக் கம்ப்யூட்டர் அப்படி ஆடும்? ஒரே ஓர் ஆள், லாந்தரைத் தூக்கிக்கொண்டு, கட்டம் கட்டமாக அவள் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

“வராரு” என்றாள் தஹ்சீன் வாய்விட்டு. மாதக்கணக்கில் அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பகலெல்லாம் ஆடினாள். மாமி மேலே வரும் சத்தம் கேட்டால் யாசீன் பக்கத்தைத் திறந்துகொள்வாள். புள்ளி பாலைவனத்தைத் தாண்டியது, கடற்கரைக்கு வந்தது, படகு ஏறியது. ஒன்றை மட்டும் கவனித்தாள். அவன் கடந்து வந்த இடமெல்லாம் பின்னால் இருண்டது. ஆட்டத்தில் யாரும் போகாத இடத்தை மூடியிருக்கும் கருப்பு மூட்டம், போன இடத்தின்மேல் மறுபடி வந்து படர்ந்தது. அப்படி நடக்கக் கூடாது. ஒரு தடவை கண்டுபிடித்த நிலம் கண்டுபிடித்ததுதான். ‘இருக்கட்டும், வந்தா போதும்’ என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, உருண்டையில் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நிலமுனைக்கு ஏதோ பெயர் வைத்தோமே என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

“மாமி, கல்யாண வாரத்துல அவருக்கு என்னமோ ஆச்சு இல்ல?”

“இன்னாம்மா, அத்தக்கூட மறந்துட்டியா?” மாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “பல்லு வலி. கன்னம் பூரி மாதிரி வீங்கிப்போய், உன்கிட்ட காட்ட வெக்கப்பட்டுகினு ரெண்டு நாள் கைக்குட்டைய வெச்சு மறைச்சுகினு திரிஞ்சானே!”

தஹ்சீன் தலையாட்டினாள். வேறு யாருடைய வீட்டுக் கதையையோ கேட்பது மாதிரி இருந்தது. கன்னம் வீங்கிய ஒருவனை நினைத்துப் பார்க்க முயன்றாள். வரவில்லை. மழை, பஸ், பரோட்டா என்றெல்லாம் ஏதோ இருந்தது, அதுவும் வரவில்லை. அரிசித் தண்ணீர் கையிலிருந்து சொட்டச் சொட்ட மாடிக்கு ஓடினாள்.

பல்வலி முனை இல்லை. கனகம்மாசத்திரம் ஏரி இல்லை. அந்தப் பக்கமே கருப்பு. புள்ளி இப்போது ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. ஆற்றின் பாதிக்கு மேல் இருண்டுவிட்டது. பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம் நின்றது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது. போனைத் திறந்து, அவன் அனுப்பியிருந்த பழைய குரல் பதிவு ஒன்றைத் தட்டினாள். “தஹ்சீன், தூங்கிட்டியா? இங்க சூடு தாங்கல புள்ள…” என்று ஓர் ஆண் பேசினான். யாரோ ஓர் ஆண். நல்ல குரல்தான். அவள் வாழ்நாளில் கேட்டதே இல்லை.

டேப்லெட்டைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தொடக் கூடாது. இனிமேல் தொடவே கூடாது. வந்து சேர்வதற்கு அவன் அவள் நினைவில் இருக்கிற தன்னையே தின்றுகொண்டு வருகிறான். அவனுக்கு அது தெரியுமா தெரியாதா? தெரிந்தால் வருவானா? அல்லாஹ், தெரியாமல்தான் வருகிறான், பாவி மனுஷன், அவனுக்கு எப்போது எது தெரிந்தது?

அன்று மாலை காற்று இன்னும் கூடியது. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது; ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்தும் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் காவடிக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டதால் தெருவில் பம்பைச் சத்தம் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தலையணைக்குக் கீழிருந்து வெளிச்சம் கசிவதை அவள் பார்த்தாள். அணைத்தாள். மறுபடி கசிந்தது. எடுத்துப் பார்த்தாள். உங்கள் முறை. அவள் மேலே உட்கார்ந்த அழுத்தத்திலேயே சில ஆட்டம் போயிருக்க வேண்டும்; கடல் நடுவில் ஒரு பாறைத் தீவில் புள்ளி நின்றது. முன்னால் கடல், பின்னால் கருப்பு. லாந்தர் வெளிச்சம் சிறுத்துச் சிறுத்துப் பெரிதாகியது. குளிரில் நிற்கிறான். போகவும் முடியாமல் வரவும் முடியாமல், இவள் ஒரு பொத்தானை அழுத்துவாள் என்று நிற்கிறான். தஹ்சீன் வாயில் துப்பட்டாவை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

மாமி சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அழுது முடிச்சுடும்மா. கிருத்திகை அன்னிக்குப் பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகையோட உன் இத்தா முடியுது. அதுவரைக்கும் நீ அவன் பொண்டாட்டி. அதுக்கப்புறம் அவன் வழிக்கு அவன் போவணும், உன் வழிக்கு நீ போவணும். புடிச்சு வெச்சுக்கக் கூடாது.”

“அதுவரைக்கும் நான் அவரு பொண்டாட்டிதானே மாமி?”

“ஆங். அதுல இன்னா சந்தேகம்?”

மாமி ஆறுதலுக்குச் சொன்ன சொல். தஹ்சீன் அதை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அதுவரைக்கும் வருவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. அதற்கப்புறம் கிடையாது. இப்போது விட்டால் அவன் அந்தப் பாறையிலேயே காலத்துக்கும் நிற்க வேண்டியதுதான். அவன் முகத்தை அவள் பார்க்கவே போவதில்லை.

மாமி இறங்கிப் போனதும் உருண்டையைக் கவனமாகப் பார்த்தாள். அவன் மேற்கிலிருந்து வருகிறான். மேற்குக் கரையிலிருந்து அவள் ஊர் வரைக்கும் பெயரில்லாத வெறும் புல்வெளிதான். ஜல்வா மலை வடக்கே, பனிக்குப் பக்கத்தில், வழியிலேயே இல்லை. வரட்டும். மேற்கு வழியாக வந்தால் முகம் தப்பித்துவிடும், மற்றதெல்லாம் போனால் போகட்டும். காவலுக்கு இருந்த படையையெல்லாம் நகர்த்தி மேற்கே பாதை விட்டாள். ஊர் மதிலை அவளே இடித்தாள். எல்லையைத் திறந்துவிட்டாள். அழுத்தினாள்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நாலைந்து தடவை அழுத்தினாள். திறந்தபோது புள்ளியைக் காணவில்லை.

மேற்குக் கடலில் இல்லை. கரையில் இல்லை. கிழக்கே திருப்பினாள், அங்கும் இல்லை. உருண்டையை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அதில் கருப்புதான் அதிகமாகியிருந்தது. இரண்டாவது தடவையும் தொலைத்துவிட்டேனா?

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேல், மொட்டை மாடியில், யாரோ கால் மாற்றி நிற்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாடிக் கதவு தாழ் போட்டிருந்தது. பூனையாக இருக்கும். தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் அசைந்திருக்கும். ஏதோ ஒரு கருகிய வாசம், ஒயர் எரிந்த வாசம், மாடிப்படியில் இறங்கி வந்து அறையின் மேல்பக்கத்தில் தங்கியது. கீழே பட்டறையில்தான் ஏதாவது எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பட்டறை அப்போது மூடியிருந்தது.

மறுநாள் முழுக்க அவள் அதைத் தொடவில்லை. தலைக்கு மேல் சத்தமும் நிற்கவில்லை. கிருத்திகை அன்று மதியத்துக்கு மேல்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உருண்டையைப் பக்கவாட்டில் சுற்றாமல், மேலிருந்து கீழாக இழுத்தாள். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. உச்சியில் வெறும் பனிதானே. பனி திரைக்கு நடுவில் வந்தது. அதில் புள்ளி இருந்தது.

துருவத்தைத் தாண்டிவிட்டான். தட்டை வரைபடத்தில் அவனுக்கும் இவளுக்கும் நடுவில் கடல், அவ்வளவு நீளக் கடல். உருண்டையில் குறுக்கு வழி உச்சி வழியாகத்தான் போகிறது. அவனே ஒரு தடவை சொல்லியிருந்தான், விமானமெல்லாம் அப்படித்தான் போகும் என்று. மூலை தேடி மூலை தேடி ஆடியவளுக்கு அது எங்கே உறைத்தது? அவள் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் முதுகுப்பக்கமாக வந்து ஜல்வா மலையடியில் நின்றான். மலைக்கு இந்தப் பக்கம் அவள் ஊர். ஒரே ஓர் ஆட்டம். உலகத்தில் மீதி எல்லாம் கருப்பு.

சாயங்காலம் ஆனது. மலைப்பாதையில் பக்தர் வேன் ஒன்று பிரேக் பிடிக்காமல் நிற்கிறது என்று மாமாவை அழைத்துப் போயிருந்தார்கள். படி முழுக்க விளக்கு எரிந்தது. ஆயிரக்கணக்கான வாய் சேர்ந்து அரோகரா என்ற சத்தம் மலையிலிருந்து புறப்பட்டு ஊரின்மேல் கவிந்து, சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் அதிர்ந்து அடங்கியது. பன்னீர் வாசம், சாம்பிராணி, மிதிபட்ட பூ. அதற்கெல்லாம் மேலே, ஒயர் எரிந்த வாசம்.

தஹ்சீன் போனில் அவன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நெற்றி. இடது புருவத்தில் தழும்பு. மேல் உதட்டில் வியர்வை. சிரிப்பை அடக்கும்போது மடியும் கன்னம். பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். பக்கத்தில் டேப்லெட். உங்கள் முறை. உங்கள் முறை.

அழுத்தாவிட்டால் இந்த முகம் இருக்கும். அவ்வளவுதான் இருக்கும், படத்தில். அழுத்தினால் இது போய்விடும். ஆனால் ஆளே வந்துவிட்டால் நினைப்பில் இருக்கிற முகம் எதற்கு? கண்ணெதிரே நிற்கும்போது பார்த்துக்கொள்ள மாட்டேனா? எத்தனை எரிந்திருந்தால் என்ன, என் புருஷன் முகம்தானே?

கீழே மாமி மக்ரிபுக்குக் கைகால் கழுவி ஒலூ செய்யும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“வாங்க” என்றாள். அழுத்தினாள்.

மலை இருண்டது. பெயர் போனது. உருண்டை முழுக்கக் கருப்பு, அதில் ஒரே ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் ஒரு வெளிச்சம். போனைப் பார்த்தாள். யாரோ ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். யார் இவன்? எதற்கு இவன் படம் என்னிடம்?

கரண்ட் போனது.

தெருவும் இருண்டது. அரோகரா மட்டும் ஒரு தடவை எழுந்து, பாதியில் அறுந்தது. காற்று நின்றது. போர்வை தொங்கியது.

மேலே மாடிக் கதவின் தாழ் நகர்ந்தது.

ஒரு படி.

இன்னொரு படி.

மெதுவாக. வீட்டுக்குப் புதிதாக வருபவன் இருட்டில் கால் துழாவி இறங்குவதுபோல.

அவள் எழுந்து நின்றாள். ஓடத் தோன்றவில்லை. பயம் இருந்தது, ஆனாலும் ஓடத் தோன்றவில்லை. வாசம் அறைக்குள் வந்தது. கூடவே உடம்பின் சூடு வந்தது. டேப்லெட்டின் கொஞ்ச வெளிச்சத்தில், அறையின் நடுவில், ஓர் ஆள் நின்றான். சட்டை ஈரமாக இருந்தது. பனி உருகிய ஈரம். கழுத்தின் பின்பக்கம் ஒட்ட வெட்டிய முடி. இரண்டு காதின் பின்பக்கம். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“ஏங்க.”

அசையவில்லை.

“ஏங்க, நான்தான். திரும்புங்க.”

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். முன்னால் கழுத்தின் பின்பக்கம் இருந்தது. ஒட்ட வெட்டிய முடி. காதின் பின்பக்கம்.

தவறாகப் போய்விட்டோம் என்று நினைத்தாள். இருட்டு. மறுபடி சுற்றினாள். கட்டில் பக்கமிருந்து பார்த்தாள். முதுகு. ஜன்னல் பக்கமிருந்து. முதுகு. சுவரோடு ஒட்டி நகர்ந்தாள், குனிந்தாள், திடீரென்று எதிர்ப்பக்கம் ஓடினாள். முதுகு. முதுகு. அவன் நகரவே இல்லை. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினாள். குழந்தையைத் திருப்புவதுபோல லேசாகத் திரும்பினான். திரும்பி முதுகைக் காட்டினான்.

“முகத்தக் காட்டுங்க! அதுக்குத்தானே எல்லாத்தையும் குடுத்தேன்? ஒரே ஒரு தடவ! அல்லாஹ்வுக்காக, ஒரே ஒரு தடவ!”

கீழே மாமி தொழுகையில் இருந்தாள். தஹ்சீன் கையை நீட்டி, கண் இருக்க வேண்டிய இடத்தை, வாய் இருக்க வேண்டிய இடத்தைத் துழாவினாள். விரலில் முடி தட்டியது. ஈர முடி. அவள் கையை எடுக்கவில்லை. அதையாவது தடவிக்கொண்டு நின்றாள்.

அப்போது அவன் அழுதான். அந்தத் தோள்கள் குலுங்கின. அவளுக்கு அடையாளம் தெரியாத ஒரு குரல், எங்கோ அந்தப் பக்கத்திலிருந்து, கெஞ்சியது.

“இவ்ளோ தூரம் வந்தேனே தஹ்சீன். எத்தினி சுத்து சுத்தி, உன் மூஞ்சியக்கூட வழியில தொலைச்சுட்டு வந்துட்டேன். ஏன் முதுகக் காட்டிகினு நிக்கற? திரும்பு புள்ள. ஒரு தடவ மூஞ்சியக் காட்டு.”

“உங்க எதிர்லதாங்க நிக்கறேன்.”

“இல்ல புள்ள.”

அவன் கை பின்னோக்கி வளைந்து வந்தது. அவள் முகத்தைத் தேடியது. நெற்றியைத் தொட்ட இடத்தில் அந்த விரல்கள் நின்றன, தயங்கின, எதையோ மெதுவாகக் கோதின.

தஹ்சீன் தன் கையைத் தூக்கித் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நெற்றி இல்லை. மூக்கு இல்லை. விரல்களுக்குக் கீழே முடி. நடு வகிட்டிலிருந்து இறங்கி, இறுக்கி மூன்றாகப் பிரித்து, காலையில் மாமி எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட பின்னல்.